வினாடியை எண்ணும் மின்சுற்று

சிங்கப்பூரில் சாலைச் சந்திப்புகள் பலவற்றில், பச்சை மனித உருவம் மின்னத் தொடங்கியதும், எஞ்சியுள்ள வினாடிகள் ஒளிரும் எண்களாகக் குறைந்து வருவதைக் காணலாம். 2009 முதல், முதியோர் தம் அட்டையை விளக்குக் கம்பத்தில் வைத்தால் கடக்கும் நேரம் 3 முதல் 13 வினாடி வரை நீளும் ஏற்பாடும் உண்டு. தளர்ந்த கால்களுக்கு இது சிறிய சலுகையன்று.

அவ்விளக்கு இறங்குமுகமாக எண்ணுகிறது. நாம் அமைக்கப் போவதோ 0 முதல் 9 வரை ஏறுமுகமாக எண்ணும் எளிய கருவி. இதற்கான உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றது, தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஜாலான் புசாரின் சிம் லிம் டவர். தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் செல்வோரிடம் சொல்லி வாங்கி வரலாம்.

இக்கருவியின் இதயம் 555 என்னும் ஐ.சி. ஆகும். இதனை 1971இல் வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கமென்சிண்ட். மரம் சீவியபின் மங்கில் பால் சொட்டுச் சொட்டாகச் சேர்வதை நினைவிற் கொள்க. மின்தேக்கியே மங்கு, மின்தடையே பாலை மெல்ல ஒழுகவிடும் வழி. மூன்றில் இரு பங்கு நிறைந்ததும் 555 அதனை வடியவிடும். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் மீண்டும் நிரம்பவிடும். ஒரு சுற்று முடிய ஒரு துடிப்பு.

555இன் 8, 4 ஆம் கால்களை 9 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையிலும், 1 ஆம் காலை எதிர்முனையிலும் இணைக்கவும். 8க்கும் 7க்கும் இடையே 10 கிலோ ஓம். 7க்கும் 6க்கும் இடையே 68 கிலோ ஓம். 6, 2 ஆம் கால்களைச் சேர்த்து, அங்கிருந்து எதிர்முனைக்கு 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை அமைக்கவும். 3 ஆம் காலில் எழும் துடிப்பு 4026 ஐ.சி.யின் 1 ஆம் காலுக்குச் செல்லவேண்டும்.

4026இல் 16, 3 நேர்முனைக்கு. 8, 2 எதிர்முனைக்கு. 15, 10 கிலோ ஓம் வழியாக எதிர்முனைக்கு. 15க்கும் நேர்முனைக்கும் இடையே ஒரு பொத்தான் வைத்தால், அழுத்தியதும் எண் 0 ஆகும். 10, 12, 13, 9, 11, 6, 7 ஆகிய கால்களை முறையே எண்காட்டியின் ஏ முதல் ஜி வரையுள்ள ஏழு கோடுகளுக்கு, ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் மின்தடையிட்டு இணைக்கவும். எண்காட்டி, பொது எதிர்முனை வகையாக இருத்தல் வேண்டும். வீட்டு மின்சாரத்தை இச்சுற்றில் ஒருபோதும் இணைத்தல் கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

எண் ஒளிர்ந்துவிட்டது என்று மகிழ்ந்து நிறுத்திவிடலாகாது. கணக்குப்படி ஒரு துடிப்பு 1.01 வினாடி. ஆயினும் இவ்வகை மின்தேக்கி குறித்த அளவினின்று 20 விழுக்காடு வரை மாறுபடக்கூடும். 13 வினாடி என நம்பி முதியவர் காலெடுத்து வைக்க, பத்தரை வினாடியில் விளக்கு மாறினால் என்னாவது? கைக்கடிகாரத்தில் வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் இருப்பதால் அத்தகைய பிழை நேர்வதில்லை.

ஆகவே 68 கிலோ ஓமுக்குப் பதிலாக, 47 கிலோ ஓமுடன் 50 கிலோ ஓம் மாறு மின்தடையைத் தொடராக இணைக்கவும். எண்காட்டியில் 0 தோன்றும் கணத்தில் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். 0 ஆறாம் முறை திரும்பும்போது 60 வினாடி கழிந்திருக்கவேண்டும். முந்தினால் மின்தடையைக் கூட்டி, பிந்தினால் குறைத்து, மீண்டும் எண்ணிப் பார்க்கவும்.