சின்னத்திரையில் ஊடலும் நகையும்

(உரைநடை)

நுழையும்முன்

நாம் எதைக் கண்டு சிரிக்கிறோம் என்பது நாம் எதை நம்புகிறோம் என்பதைக் காட்டிவிடும். இரவு உணவு வேளையில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும் நகைச்சுவைத் தொடர்கள், காதலைப் பற்றியும் இல்வாழ்க்கையைப் பற்றியும் நமக்கு எவற்றைக் கற்பிக்கின்றன? தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் துணையாகக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

நகை பிறக்கும் இடம்

மாணவர்களே! தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு எனக் கூறி, அவற்றுள் நகையை முதலில் வைக்கிறார். நகை நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் வகுத்துரைக்கிறார். அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. எள்ளல் என்பது பிறரை இகழ்தல். இளமை என்பது குழந்தைத்தன்மை. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது ஒன்றைப் பற்றிக்கொண்டு அதை விடாதிருத்தல். ஒரே சிரிப்பொலிதான் நம் காதில் விழுகிறது. ஆனால் அது பிறந்த இடம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு சின்னத்திரையைக் காண்போம்.

ஒரே வீடு, அதே மனிதர்கள்

சூழல் நகைச்சுவைத் தொடருக்கென ஓர் அமைப்பு உண்டு. வீடு மாறாது, மனிதர்களும் மாறமாட்டார்கள். ஒவ்வொரு பகுதியிலும் புதிய சிக்கல் ஒன்று தோன்றும். அரை மணி நேரத்தில் அது தீர்ந்து, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

1984ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ஒளிபரப்பான 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்னும் இந்தித் தொடர் இவ்வகைக்கு நம் நாட்டில் வழிவகுத்தது. சரத் ஜோஷி எழுதிய அத்தொடரில் ஓர் இளம் தம்பதியரும் அவர்களோடு தங்கியிருக்கும் மனைவியின் தம்பியும் இடம்பெற்றனர். தமிழில் இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' பலருடைய நினைவில் நிற்கிறது. அதில் கணவன் பெயரும் ரமணி. மனைவி பெயரும் ரமணி. நாம் வாழும் கர்நாடகத்தில் சிஹி கஹி சந்துருவின் 'பாப பாண்டு' என்னும் கன்னடத் தொடர் புகழ் பெற்றது. 2004இல் 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' என்னும் இந்தித் தொடர் வந்தது.

இத்தொடர்களின் தலைப்புகளையே உற்றுநோக்குங்கள். 'வெர்சஸ்' என்பது நீதிமன்ற வழக்குகளில் இருவர் பெயருக்கு இடையே வரும் சொல். கன்னடத்தில் 'பாப' என்றால் இரங்கத்தக்கவர் என்று பொருள். தமிழில் நாம் 'ஐயோ, பாவம்!' என்பதைப் போன்றது. மனைவியிடம் படாதபாடு படும் கணவன்தான் அந்தப் பாண்டு. இல்லறம் ஒரு வழக்கு. அதில் ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். இந்த நம்பிக்கையைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

களவும் கற்பும்

அகவாழ்வைக் களவு, கற்பு என இரண்டாகப் பகுப்பது தமிழ் மரபு. திருமணத்திற்கு முந்தைய காதல் களவு. திருமணத்திற்குப் பிந்தைய வாழ்வு கற்பு. நம் திரைப்படங்களில் பெரும்பாலானவை களவைப் பாடித் திருமணத்தில் முடிந்துவிடுகின்றன. நம் நகைச்சுவைத் தொடர்களோ திரைப்படம் முடியும் இடத்தில் தொடங்குகின்றன. கணவனும் மனைவியும் பிரிந்துவிடுவார்களோ என்ற ஐயம் அங்கே எழுவதே இல்லை.

அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை 236 பகுதிகளாக ஒளிபரப்பான 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் இதற்கு மாறானது. அதில் வரும் ராஸ், ரேச்சல் இருவரும் சேர்வதும் பிரிவதுமாக இருந்து இறுதிப் பகுதியில்தான் ஒன்றுசேர்கின்றனர். ஒருவருக்கென்று ஒருவர் பிறந்திருப்பார். எத்தனை காலமானாலும் அவரைச் சேர்வதே காதல் என்பது அத்தொடரின் நம்பிக்கை. சேர்ந்தவர் சேர்ந்தவரே, அதன்பின் எல்லாம் பொறுத்துக்கொள்ளவேண்டியவை என்பது நம் தொடர்களின் நம்பிக்கை. இரண்டும் முழு உண்மையாகா.

2008 முதல் ஒளிபரப்பாகும் 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' தொடரை உங்களுள் பலர் அறிவீர்கள். அதில் வரும் செய்தியாளர் போபட்லாலுக்குத் திருமணம் கைகூடுவதில்லை. ஒவ்வொரு முறையும் பெண் பார்த்து, ஏதோ தடை வந்து, அவர் ஏமாந்து நிற்கும்போது நாம் சிரிக்கிறோம். மணமாகாதவர் குறையுடையவர் என்ற எண்ணம் நமக்குள் இல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு பிறக்குமா?

வள்ளுவர் காட்டும் நகைக்காட்சி

இனித் திருக்குறளைப் பார்ப்போம். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுள் 7 களவியலுக்கும் 18 கற்பியலுக்கும் உரியவை. நூலின் இறுதி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்பன. அவற்றுள் புலவி நுணுக்கம் இன்றைய எந்த நகைச்சுவைத் தொடருக்கும் குறைந்ததன்று.

கணவன் தும்முகிறான். மனைவி வழக்கம்போல் வாழ்த்துகிறாள், உடனே முகம் மாறி, "உம்மை யார் நினைத்ததால் தும்மினீர்?" என்று அழுகிறாள். அடுத்த முறை தும்மல் வரும்போது அவன் அடக்கிக்கொள்கிறான். "உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ?" என்று அதற்கும் அழுகிறாள். "இப்பிறப்பில் நாம் பிரியமாட்டோம்" என்கிறான் அவன். அப்படியானால் மறுபிறப்பில் பிரிவு உண்டு என்று பொருள்கொண்டு அவள் கண்ணீர் விடுகிறாள். "உன்னை நினைத்தேன்" என்றாலும் குற்றம்தான். நினைப்பதற்கு முன் மறந்திருக்கவேண்டும் அல்லவா?

இதைப் படித்து நாம் சிரிக்கிறோம். இச்சிரிப்பு எங்கே பிறந்தது? அன்பு மிகுதியால் வந்த பேதைமையிலும், பிடித்ததை விடாத மடனிலும் பிறந்தது. இங்கே எள்ளல் இல்லை. அவன் அவள் அழகைப் பழிக்கவில்லை. அவள் அவன் வருவாயைச் சொல்லிக் காட்டவில்லை. இருவர் பூசலைப் பார்த்துச் சிரிக்க மூன்றாமவர் ஒருவரும் அங்கே நிற்கவில்லை. ஊடல் உணவில் உப்பைப்போல் அளவோடு இருக்கவேண்டும் என்கிறார் வள்ளுவர். ஊடலில் தோற்றவரே வென்றவர் என்றும் கூறுகிறார். 'வெர்சஸ்' என்ற சொல் இந்த இல்லறத்தின் வாயிலில் நிற்கமுடியாது.

எந்தச் சிரிப்பு நம்முடையது?

சின்னத்திரையிலும் பேதைமையால் பிறக்கும் இனிய நகை உண்டு, அதை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் பல காட்சிகளில் எள்ளலே மிகுதி. மனைவியின் சமையல், கணவனின் ஊதியம், ஒருவரின் உடற்பருமன், மற்றொருவரின் நிறம் ஆகியவை அங்கே நகைப்பொருள்களாகின்றன. 'சாராபாய்' குடும்பத்தில் மாமியார் மாயா, மருமகள் மோனிஷாவின் சிக்கனத்தை 'நடுத்தர வர்க்கம்' என்று இகழ்வதே தொடர் முழுவதும் வரும் நகைச்சுவை. 1950களில் சார்லஸ் டக்ளஸ் என்னும் அமெரிக்க ஒலிப்பொறியாளர் பதிவுசெய்த சிரிப்பொலிகளை வெளியிடும் கருவி ஒன்றை உருவாக்கினார். அன்றுமுதல் எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்பதையும் தொலைக்காட்சியே நமக்குச் சொல்லித்தரத் தொடங்கியது.

ஆண்டுவிழாவுக்காக மாணவர்கள் தாமே எழுதிவரும் குறுநாடகங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். கணவன் மனைவி காட்சி என்றால், மனைவி கையில் பூரிக்கட்டை வந்துவிடும்; கணவன் தலையில் அடி விழும்; அவையும் சிரிக்கும். "உங்கள் வீட்டில் இப்படி நடக்குமா?" என்று கேட்டால், "இல்லை, டீச்சர்" என்பார்கள். வீட்டில் காணாத ஒன்றைத் திரையில் கண்டு, அதுவே இல்லறம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டை கணவன் கையில் இருந்திருந்தால் அவை சிரித்திருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். யார் அடித்தாலும் அடி ஊடலாகாது.

தொடரில் அரை மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த வாரம் மோனிஷாவுக்கு வடு எதுவும் இராது. வாழ்க்கையில் சொல்லிய சொல் மறுவாரமும் நெஞ்சில் நிற்கும். ஆகவே அடுத்த முறை சிரிக்கும்போது ஒரு நொடி நின்று கேளுங்கள்: 'இது பேதைமையா, எள்ளலா? சிரிக்கப்பட்டவரும் நம்மோடு சேர்ந்து சிரிக்கிறாரா?' அவரும் சிரிக்கிறார் என்றால் அது ஊடல். நாமும் மகிழ்ந்து சிரிக்கலாம்.

சொற்பொருள்

மெய்ப்பாடு – உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல்
ஊடல், புலவி – அன்புடையோர் கொள்ளும் பொய்ச்சினம்
எள்ளல் – இகழ்தல்
உவகை – மகிழ்ச்சி
தம்பதியர் – கணவன் மனைவியர்

அறிந்துகொள்வோம்

ஊடலைக் கன்னடத்தில் 'முனிசு' என்பர். தமிழில் 'முனிவு' என்ற சொல்லுக்குச் சினம் என்று பொருள். இந்தியில் ஊடுவது 'ரூட்னா'. ஊடல் தீர்ப்பது 'மனானா'.

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. திருக்குறளின் இறுதி அதிகாரம்
(அ) புலவி (ஆ) புலவி நுணுக்கம் (இ) ஊடலுவகை (ஈ) நகை

2. நகை பிறக்கும் காரணங்களுள் ஒன்று
(அ) அச்சம் (ஆ) மடன் (இ) வெகுளி (ஈ) பெருமிதம்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. களவு, கற்பு – வேறுபடுத்துக.
2. 'பாப பாண்டு' என்னும் தலைப்பு உணர்த்தும் பொருள் யாது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. தும்மல் காட்சியில் நகை எவ்வாறு பிறக்கிறது?
2. "யார் அடித்தாலும் அடி ஊடலாகாது." – இக்கூற்றுப் பற்றி நும் கருத்தை எழுதுக.

ஈ. செயல்பாடு

நீங்கள் பார்க்கும் நகைச்சுவைத் தொடர் ஒன்றின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, சிரிப்பு வந்த ஐந்து இடங்களைக் குறித்துக்கொள்க. ஒவ்வொன்றும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றுள் எதனால் பிறந்தது என அட்டவணைப்படுத்துக. பின்னர், எள்ளல் சிறிதும் இல்லாத ஊடல் காட்சி ஒன்றைப் பத்து வரிகளில் உரையாடலாக எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக.