வாடகை வீடும் வாடகைக்காரரின் பிராணியும்



நம்மவர்களில் வீடு வாடகைக்கு விடுவோர் பெரும்பாலும் பெரிய சொத்துக்காரர்கள் அல்லர். முப்பது வருஷம் கடையில் நின்று சேர்த்த பணத்தில் ஓர் அடுக்குமாடி வீடு, அல்லது கடைக்கு மேலே ஒரு மாடி, அவ்வளவுதான். அந்த வாடகையில் பாங்குத் தவணை கட்ட வேண்டும், பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், மிஞ்சியதில் தாயாருக்கு மருந்து வாங்க வேண்டும். மூன்று மாத வாடகை நின்றுபோனால் பெரிய முதலாளிக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. சிறியவருக்கோ அடுப்படிவரை வந்துவிடும்.

பினாங்கிலுள்ள மூத்தவர்களுக்குப் பழைய கதை நினைவிருக்கும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களைக் கட்டி வைத்திருந்தது. வாடகையை இஷ்டம்போல் ஏற்றவும் முடியாது, குடியிருப்பவரை எளிதில் எழுப்பவும் முடியாது. கூரை ஓடு மாற்றக்கூட அந்த வாடகை காணாமல் எத்தனையோ கடைவீடுகள் பாழாயின. 1997ல் அச்சட்டம் ரத்தாயிற்று. 1999 முடிய அவகாசம் தந்து, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு நீங்கிற்று. அன்றுமுதல் எல்லாம் நம் கையில் என்று பலர் எண்ணுகிறார்கள். பாதிதான் உண்மை. வாடகையைப் பேசி முடிப்பது நம் கையில். ஆளை வெளியேற்றுவது நம் கையில் இல்லை.

இதை நன்கு மனத்தில் வைக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம், 7ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவின்படி, தவணை முடிந்த பின்னும் வாடகைக்காரர் காலி செய்யாவிட்டால் கோர்ட்டு மூலமே வீட்டைத் திரும்பப் பெற வேண்டும். அவர் வெளியே போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுவதும், சாமான்களைத் தெருவில் வைப்பதும் கூடா. வாடகை தராதவர் அவர். வழக்கில் குற்றவாளியாய் நிற்பவர் நீங்கள்! கோபத்தில் செய்த ஐந்து நிமிஷ வேலைக்கு இப்படி ஒரு கூலி.

சட்டம் நமக்கு வழியே வைக்கவில்லை என்பதன்று. 1951ஆம் ஆண்டின் ஜப்திச் சட்டப்படி, கடைசிப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத பாக்கிக்கு, வீட்டிலுள்ள சாமான்களை ஜப்தி செய்யக் கோர்ட்டில் மனுப் போடலாம். தவணை முடிந்தும் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், 28ஆம் பிரிவு, இடந்தருகிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் நாளாகும், வக்கீல் கூலியாகும். உண்மையிலேயே கஷ்டத்தில் விழுந்தவரானால், கடன்பட்டவர் நெருக்கடியிலிருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்லும் சூரத்துல் பகராவின் 280ஆம் வசனத்தை எண்ணி, தவணைகளை எழுதி வாங்கிக்கொள்வதே இருவருக்கும் நலம் என்பது என் கருத்து.

நிற்க. இப்பொழுது புதிதாக ஒரு சங்கடம். ஒருவர் தனி ஆளாய் வந்து குடியேறுகிறார். இரண்டு மாதத்தில் வீட்டில் நாய்க்குட்டி. கேட்டால் டாக்டர் கடிதம் நீட்டுகிறார்: “மன ஆறுதலுக்காக வளர்க்கிறேன், நீங்கள் தடுக்க முடியாது.” அவர் படித்தது அமெரிக்கச் செய்தியாய் இருக்கும். அங்கே 1988ல் திருத்திய வீட்டுரிமைச் சட்டப்படி, பிராணி கூடாதென்று எழுதிய வீட்டிலும் மனநோயாளிக்குத் தேவையான பிராணிக்கு இடந்தர வேண்டியதுண்டு. தாமும் குடியிருந்து, நான்கு குடித்தனத்துக்கு மேற்படாத கட்டடத்தில் வாடகைக்கு விடும் சிறியவருக்கு அங்கேயும் பெரும்பாலும் விலக்குண்டு. மலேசியாவில் தனி வீட்டுக்காரர்மேல் அப்படியொரு கட்டாயமில்லை. உடன்படிக்கையில் எழுதியதே பேசும்.

அதற்காக அவர் நோயைப் பரிகசிக்க வேண்டாம். மனத்துன்பம் மெய்யான துன்பம். தாகித்த நாய்க்குத் தண்ணீர் தந்தவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த ஹதீஸ் நம்முடையதுதானே. ஆயினும் வேட்டை, மந்தை, பயிர்க் காவல் போன்ற தேவையின்றி நாய் வளர்ப்பதை நமது மார்க்கம் விலக்கியிருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஹனபியில் அதன் உமிழ்நீர் நஜீஸ்; உடலைப் பற்றிய சட்டம் வேறு. நாளை அதே வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் தொழ வேண்டியிருக்கலாம். ஆகவே உங்கள் மறுப்பை வெறுப்பாய்ச் சொல்லாமல், இந்தக் காரணத்தை அமைதியாய் எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலோர் புரிந்துகொள்வர்.

பூனையோ நஜீஸன்று, வீட்டில் சுற்றி வருவது என்று நாயகம் (ஸல்) அவர்களே தெளிவாக்கிய பிராணி. “ஆறுதல்தானே வேண்டும், பூனை வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுக்கொடுக்கலாம். கதவைப் பிறாண்டும், மூத்திர நாற்றம் சுவரில் ஊறும். அந்தச் செலவு யாருடையது என்று முன்பே எழுத வேண்டும். அடுக்குமாடியில் நீங்கள் சம்மதித்தாலும் போதாது. 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, அயலாருக்குத் தொல்லையாகும் பிராணியை நிர்வாகக் குழு எழுத்தில் அறிவித்த மூன்று நாளில் அப்புறப்படுத்த வேண்டும்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். ஆனால் நாமோ “ஊர்க்காரர், தெரிந்தவர்” என்று வாய்ப்பேச்சில் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். எந்தப் பிராணி, எத்தனை, போகும்போது சுத்தம் செய்யும் செலவு யார் பொறுப்பு, வாடகை எத்தனாம் தேதி என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கையெழுத்தான 30 நாட்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். முத்திரையில்லாப் பத்திரத்தைக் கோர்ட்டு சாட்சியமாய் ஏற்காது. சுவர், கதவு, குளியலறை எல்லாவற்றையும் இருவருமாய் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாத முன்பணத்தைக் கடை முதலில் போட்டுவிட்டு, அவர் காலி செய்யும் நாளில் இல்லாத பழுதெல்லாம் கண்டுபிடிக்கிறவர்கள் நம்மில் உண்டு. அது அவருடைய பணம், நம்மிடம் அமானத். முதல் நாளில் எடுத்த படம் இங்கே அவருக்கும் சாட்சி.

பத்திரத்தின் ஒரு பிரதி அவருக்கு, ஒன்று உங்களுக்கு. சாவி அதற்குப் பிறகு.