பாய்கிறவனைவிடப் பாயாதவன்

பொங்கல் வந்தால் சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கம் கபடிக் களங்கள் தயாராகிவிடும். ஓரத்தில் நின்று பார்க்கிறவர்களிடம் பிடிப்பதைப் பற்றிச் சில நம்பிக்கைகளும் தயாராக இருக்கும்.

நம்பிக்கை: ஆள் கனமாக இருந்தால் பிடி தானாக விழும்.

உண்மை: சர்வதேச ஆண்கள் கபடியில் எடை வரம்பு 85 கிலோ. மலைபோல ஒருவரை நிறுத்தி வைக்க விதியே இடம் தராது. போனஸ் கோட்டைத் தாண்டப் போன ரைடருக்கும் (எதிரணிப் பக்கம் தொட்டுவரப் போகிறவர்) நடுக்கோட்டுக்கும் இடையே 4.75 மீட்டர்தான். விழுந்தபடியே கையை நீட்டி விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டாலும் தப்பிவிடுவார். ஓரத்தில் நிற்கும் கார்னர் கணுக்காலைப் பிடித்த நொடியில் உள்பக்கம் நிற்கும் கவர் அவர் திரும்பும் வழியில் குறுக்கே நிற்கிறாரா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் கை கோர்த்து நிற்கிறார்கள். ரைடர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ, மொத்த வரிசையும் அந்தப் பக்கம் அரை அடி நகரும். ரைடரின் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் கார்னர் எப்போது பாயப்போகிறார் என்பதைப் பக்கத்து ஆளுக்குச் சொல்வது அந்தக் கைதான்.

அமெரிக்கக் கால்பந்தில் இதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். அங்கே வரிசையின் வேலை வழியை அடைப்பதல்ல, திறப்பது. ‘ஜோன்’ முறையில் முன்வரிசையின் ஐந்து பேரும் ‘எனக்கு இவன், உனக்கு அவன்’ என்று ஆள் பிரித்துக்கொள்வதில்லை. ஒரே பக்கமாக அடி வைத்து, தன் பாதையில் யார் வருகிறாரோ அவரைத் தடுக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அதில் ஒருவர் கழன்று பின்னால் நிற்கும் அடுத்த ஆளிடம் போய்விடுவார். பந்தோடு ஓடுகிறவர் இடைவெளி தெரிந்த இடத்தில் சட்டென்று ஒரு வெட்டு வெட்டி நுழைவார். டென்வர் அணியின் முன்வரிசைப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் இதற்குத் தேர்ந்தெடுத்தவர்கள் மற்ற அணிகளின் ஆட்களைவிட எடை குறைந்தவர்கள், கால் வேகமானவர்கள். 1998-இல் அந்த வரிசைக்குப் பின்னால் ஓடிய டெரல் டேவிஸ் 2,008 கெஜம் எடுத்தார். அடுத்த ஆண்டு அவருக்கு முழங்கால் போனது. 1999-இல் ஒலாண்டிஸ் கேரி, 2000-இல் மைக் ஆண்டர்சன் என்று ஆள் மாறியும் இருவரும் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார்கள்.

நம்பிக்கை: ஒரு நட்சத்திரம் இருந்தால் அணி கரையேறும்.

உண்மை: 2022-இல் புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் அணி ரைடர் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு அவர் வெளியேறினார். அந்த சீசனில்தான் அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. ரைடில் நரேந்தர் புள்ளிகளை அள்ளினார், மறுப்பதற்கில்லை. ஆனால் சாகர், சாஹில் குலியா என்ற இரண்டு கார்னர்களை நம்பி நின்ற தடுப்பு இல்லையென்றால் அந்தப் புள்ளிகள் வந்த வழியே போயிருக்கும்.

நம்பிக்கை: எல்லாரும் சேர்ந்து விழுந்தால் எவனாலும் தப்ப முடியாது.

உண்மை: களத்தோரம் ‘புடி, புடி’ என்று கத்துகிறவர்கள் மறந்துவிடும் விதி ஒன்று உண்டு. ரைடர் மீண்டு போய்விட்டால் அவரைத் தொட்ட அத்தனை பேரும் வெளியே. பிடி நழுவியது தெரிந்த பிறகும் நாலாவது ஆளாக ஓடிவந்து விழுகிறவர் எதிரணிக்கு இன்னொரு புள்ளியைக் கையில் கொடுக்கிறார். என்னைக் கேட்டால், பாயாமல் நிற்பதுதான் கபடியில் கற்றுக்கொடுக்கக் கடினமான பாடம். கைதட்டல் முழுவதும் பாய்கிறவருக்கே கிடைக்கிறதே!

நம்பிக்கை: மூன்று பேர்தான் மிச்சம் என்றால் ஆட்டம் முடிந்தது.

உண்மை: தடுக்கும் அணியில் ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் போனஸ் கோட்டைத் தாண்டும் ரைடருக்குப் புள்ளி உண்டு. மூன்று பேர் நிற்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டிப் பயனில்லை, புள்ளிக்கு ஆளைத்தான் தொட்டாக வேண்டும். அந்த மூவர் பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள், ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. வெளியே உட்கார்ந்திருக்கும் ஒருவரும் உள்ளே வருவார்.