தற்கொலை: தவறான எண்ணங்களும் உண்மை நிலையும்

திசையன்விளைச் சுற்றுப்புறத்தில் தேரி மணலை நம்பிப் பனையும் முருங்கையும் வளர்த்துப் பிழைப்போர் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். கிணறு வற்றினாலும் சந்தையில் விலை சரிந்தாலும் மறு பருவத்தை எதிர்நோக்கி நிற்பவர்கள். எனினும், எந்த ஊரிலும் யாரேனும் ஒருவர் மனம் உடைந்து தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளும் துயரம் நேரத்தான் செய்கிறது. ஊரார் இரண்டு நாள் வருந்துகின்றனர். பிறகு, ‘விதி’ என்று சொல்லி மறந்துவிடுகின்றனர்.

இது விதியன்று, பெரும்பாலும் தடுக்கக்கூடியதே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேரும், அவர்களுள் தமிழ்நாட்டில் 19,834 பேரும் இவ்வாறு மாண்டனர். குடும்பப் பிரச்சினைகளும் நோயுமே காரணங்களுள் முதன்மையாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் ஓர் உயிரிழப்புக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. கடன், நோய், குடி, தனிமை, மனச்சோர்வு எனப் பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒருவரை அழுத்துகின்றன. இவ்விஷயத்தில் நம்மிடையே வேரூன்றிய தவறான எண்ணங்கள் சிலவற்றை ஆராய்வோம்.

1. ‘சாகப் போகிறேன் என்பவன் சாகமாட்டான்.’

இது மிகவும் ஆபத்தான எண்ணம். உயிரை மாய்த்துக்கொண்டோரில் பலர் முன்னதாகவே ஏதேனும் ஒரு வகையில் அதை வெளியிட்டிருக்கின்றனர். ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி’ என்ற சொல், உறக்கமின்மை, திடீரென எவருடனும் பேசாதிருத்தல், அருமையாகப் போற்றிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியன எச்சரிக்கைகள். மிரட்டல் என்று எள்ளி நகையாடுதல் கூடாது.

2. ‘அதைப்பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம்.’

உண்மை இதற்கு நேர்மாறானது. ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என அன்போடு நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. மனப்பாரம் குறையவே வழி பிறக்கிறது. உபதேசம் செய்யாமல், குறுக்கிடாமல் கேட்பதே போதும். ‘ஆம்’ என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாது, உதவி கிட்டும்வரை உடனிருக்க வேண்டும்.

3. ‘தீர்மானித்துவிட்டவரை யாராலும் தடுக்க முடியாது.’

தாங்கொணாத நெருக்கடி பெரும்பாலும் சிறிது நேரமே நீடிக்கிறது. அந்நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாதிருந்தால் உயிர் பிழைக்கிறது. பிழைத்தவருள் மிகப் பெரும்பாலோர் பின்னர் அம்முறையில் மாள்வதில்லை.

அண்டை நாடான இலங்கையே இதற்குச் சான்று. 1995 அளவில் அங்கு இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் மாண்டனர். 1984, 1995, 1998 ஆகிய ஆண்டுகளில் கொடிய பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 2005-க்குள் அவ்விகிதம் பாதியாகக் குறைந்தது. விளைச்சலும் குன்றவில்லை.

சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘சிநேகா’ அமைப்பினர், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பூச்சிமருந்தை வீட்டில் வையாது, ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்தனர். அவ்வாய்வு 2013-இல் வெளியாயிற்று. விவசாயிகள் அம்முறையை ஏற்றுக்கொண்டனர். ஆனால், வீட்டினுள்ளேயே பூட்டுப் பெட்டி கொடுத்து இலங்கையில் நடத்திய பெரிய ஆய்வில் பயன் காணப்படவில்லை என 2017-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே, வீட்டில் பெட்டி வைத்துவிட்டோம் என்று நிறைவு கொள்ளலாகாது. மருந்தை வீட்டைவிட்டே அகற்றி வைப்பது நன்று.

4. ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்; வெளியே சொல்லாதே.’

இவ்வச்சத்தால் வயிற்றுவலி என்று மறைத்துச் சிகிச்சையைத் தாமதப்படுத்துவோர் உளர். 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. தற்கொலை முயற்சியைப் பொதுவாகத் தண்டித்த பழைய 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. ஆதலின், மருத்துவரிடம் உண்மையை மறைத்தல் உயிருக்கே கேடு. வீட்டு வைத்தியத்தில் காலம் போக்காது 108-ஐ அழையுங்கள். மருந்துக் குப்பியையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

சுற்றுவட்டார ஊராட்சி அங்கத்தினர்கள் கூட்டுறவுச் சங்கத்தாருடன் கலந்து, பூச்சிமருந்துக்குப் பொதுவான பூட்டறை ஒன்றை அமைக்க முயலலாம். கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு என்பதைக் கடன்பட்டோருக்கு எடுத்துரைத்து, புகார் மனு எழுதவும் துணைபுரியலாம். முயன்று பிழைத்தவர் வீட்டை ஊரார் ஒதுக்காமல் சென்று விசாரித்தல் வேண்டும். அவர் மீண்டும் தளரக்கூடிய காலம் அதுவே. மனநலச் சிகிச்சை பெறுதல், காய்ச்சலுக்கு மருந்துண்பது போன்றதே. அதில் இழிவு ஏதுமில்லை.

14416, 104 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை பெறலாம். இவற்றை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் பெரிதாக எழுதி வையுங்கள். இதனைப் படிக்கும் அன்பர் எவருக்கேனும் மனம் கனத்திருப்பின், இன்றே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுங்கள். அல்லது இவ்வெண்களை அழையுங்கள்.

பாதை கட்டுவதும் கிணறு வெட்டுவதும் கிராம வளர்ச்சிதான். மனமுடைந்த ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ‘என்ன கஷ்டம், சொல்லுங்கள்’ என்று கேட்பதும் அவ்வளர்ச்சியே ஆகும்.