தெரியும், ஆனால் செய்ய வரவில்லை: ஏடிஎச்டி உள்ள பெரியவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

கரன்ட் பில் கட்ட வேண்டும் என்று தெரியும். கடைசித் தேதியும் தெரியும். கணக்கில் பணம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, கட்டி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்து நின்ற பிறகுதான் பணம் கட்டப்படுகிறது. வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம், பொறுப்பின்மை என்று பெயர். ஏடிஎச்டி (ADHD) எனப்படும் கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு உள்ள பலர் சின்ன வயதிலிருந்தே இதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் உண்மை என்று நம்பியும் விடுகிறார்கள்.

ஏடிஎச்டி என்பது சிறுபிள்ளைகளோடு முடிந்துபோகும் விஷயம் இல்லை. பெரியவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். வயது ஏற ஏற ஓடியாடுவது குறைந்து, உள்ளுக்குள் ஓயாத பரபரப்பாக மாறிவிடும். மறதியும், தள்ளிப்போடுவதும், நேரம் தவறுவதும், பேச்சுக்கு நடுவே குறுக்கிடுவதும் அப்படியே தங்கிவிடும்.

இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லியின் விளக்கம் இங்கே உதவும். இவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் தடை என்கிறார் அவர். அப்படியானால் அறிவுரையால் பயனில்லை. வேலை நடக்க வேண்டிய இடத்தில், நடக்க வேண்டிய நேரத்தில், கண்ணில் படும்படி ஒரு துணை வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவைதான்.

1. முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

ரீல்ஸ் பார்த்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே கவனத்தைக் கலைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விகள் கொண்ட சுயபரிசோதனைப் பட்டியல் ஒன்று உண்டு. அது ஒரு முதல்கட்டச் சல்லடை மட்டுமே. நோயைத் தீர்மானிக்க வேண்டியவர் மனநல மருத்துவர்.

அவர் முக்கியமாக இரண்டைப் பார்ப்பார். ஒன்று, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா. இரண்டு, வீடு, அலுவலகம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொல்லை தருகின்றனவா. ஆகவே போகும்போது பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். "புத்திசாலி, ஆனால் கவனம் போதாது" என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி நிறையச் சொல்லும். சின்ன வயதில் உங்களைப் பார்த்த அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது.

சத்தமில்லாமல் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளைப் பள்ளியில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால் பெண்களுக்கு இது தெரியவருவதே பெரும்பாலும் தாமதமாகத்தான்.

எங்கே போவதென்று தெரியாவிட்டால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

2. மருந்து தந்தால், விடாமல் சாப்பிட வழி செய்யுங்கள்

மீத்தைல்பெனிடேட், அட்டமாக்ஸெடின் இரண்டும் இந்தியாவில் கிடைக்கின்றன. முதலாவது சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள், எல்லா மருந்துக்கடைகளிலும் இருக்காது. அதனால் கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல், ஒரு வாரத்துக்கு மீதம் இருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவது மருந்தின் முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். ரத்த அழுத்தம், இதய நோய், வேறு மருந்துகள் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மறதிக்கான மாத்திரையையே மறப்பதுதான் வேடிக்கை. ஏழு அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி, காபி போடும் இடத்தில் வையுங்கள். இன்றைய அறை காலியா என்று பார்த்தாலே சாப்பிட்டோமா இல்லையா என்ற சந்தேகம் தீரும். ஒரே நாளில் இரண்டு முறை விழுங்கும் ஆபத்தும் இருக்காது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், கை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

3. தலைக்குள் எதையும் சேமிக்காதீர்கள்

"இது ஞாபகம் இருக்கும்" என்று தோன்றும் நொடியில்தான் எழுத வேண்டும். ஒரே ஒரு குறிப்பேடு, அல்லது போனில் ஒரே ஒரு ஆப். இரண்டு மூன்று இடங்களில் எழுதினால், எதில் எழுதினோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

இரவில் அதைத் திறந்து, மறுநாளைக்கு மூன்று வேலைகளை மட்டும் தனித் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இருபது வேலைகள் உள்ள பட்டியலைப் பார்த்தால் மனம் அதை மூடி வைத்துவிட்டு போனைத்தான் எடுக்கும்.

4. வாசலை ஒழுங்கு செய்யுங்கள்

சாவி, பர்ஸ், ஹெல்மெட், அடையாள அட்டை இவற்றுக்குக் கதவருகே ஆணியோ தட்டோ வைத்து, வீட்டுக்குள் வந்ததும் முதலில் அங்கே போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். மூடிய டிராயர் வேண்டாம். கண்ணில் படாதது நினைவிலும் இருக்காது. மறுநாள் எடுத்துப் போக வேண்டிய கூரியர் கவரை ஹெல்மெட்டுக்குள்ளேயே செருகி வைத்தால், அதைத் தொடாமல் வண்டியை எடுக்க முடியாது.

5. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

9.30-க்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும், வண்டியில் 35 நிமிடம். எனவே 8.55-க்குக் கிளம்பினால் போதும் என்று மனம் கணக்குப் போடும். தாமதம் அங்கேயே தொடங்கிவிட்டது. வண்டியை நிறுத்தி லிஃப்டுக்குக் காத்திருந்து இருக்கைக்குப் போக 10 நிமிடம். சாப்பாட்டுப் பையை எடுத்து, கேஸை அணைத்தோமா என்று பார்த்து, வீட்டைப் பூட்டி, வண்டியை வெளியே தள்ள இன்னொரு 10 நிமிடம். கிளம்ப வேண்டிய நேரம் உண்மையில் 8.35.

இந்தக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டு, இரண்டு அலாரம் வையுங்கள். 8.20-க்கு "கையில் இருப்பதை நிறுத்து", 8.35-க்கு "எழுந்து நட". போனில் மணி பார்க்காமல் இருக்க, குளியலறையிலும் சமையலறையிலும் முள் உள்ள கடிகாரம் மாட்டுங்கள். மணி பார்க்கப் போனை எடுத்தால், மணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வைப்போம்.

6. தொடங்கும் இடத்தைச் சிறிதாக்குங்கள்

"வருமான வரி தாக்கல்" என்று எழுதினால் அது நடக்காது. அதற்குள் பத்து வேலைகள் ஒளிந்திருக்கின்றன. "மெயிலில் படிவம் 16-ஐத் தேடு" என்று எழுதுங்கள். "வீட்டைச் சுத்தம் செய்" என்பதை "சோஃபா மேல் உள்ள துணியை மட்டும் மடி" என்று மாற்றுங்கள். உடம்பால் உடனே செய்யக்கூடியதாக முதல் வரி இருக்க வேண்டும்.

இத்தாலிக்காரரான பிரான்செஸ்கோ சிரில்லோ உருவாக்கிய பொமொடோரோ முறையில் 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. 25 அதிகமாகத் தோன்றினால் பத்திலிருந்து தொடங்குங்கள்.

பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே பலருக்கு வேலை நகரும். அம்மா அதே மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கட்டும், நீங்கள் ரசீதுகளை அடுக்குங்கள். அவர் உதவவும் வேண்டாம், கேள்வி கேட்கவும் வேண்டாம். தனியாக இருப்பவர்கள் நண்பரோடு வீடியோ காலைத் திறந்து வைத்து, அவரவர் வேலையைப் பார்க்கலாம்.

ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு புதியதை முடிச்சுப் போடுவதும் பலன் தரும். "குக்கர் அடுப்பில் ஏறியதும் தண்ணீர் கேனுக்குப் போன் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "இன்றைக்கு எப்படியாவது செய்வேன்" என்பதைவிட இதற்கு வலு அதிகம்.

7. பணத்தை உங்கள் ஞாபகத்திடம் விடாதீர்கள்

மாதத் தவணை, இன்சூரன்ஸ், இணைய இணைப்பு எல்லாவற்றையும் ஆட்டோ டெபிட்டில் போடுங்கள். சம்பளம் வந்த மறுநாளே பணம் போகும்படி தேதி கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் மின்கட்டணம்தான் அதிகம் கண்ணில் மண் தூவும். மாதாமாதம் வராததால் பழக்கமாகாது. மின்வாரியத்தில் முன்பணம் கட்டி வைக்க வழி இருக்கிறது, அடுத்தடுத்த பில்களில் அது கழியும். கையில் பணம் இருக்கும்போது கட்டி வைத்துவிட்டால் சில மாதங்களுக்குக் கவலை இல்லை.

நினைத்தவுடன் வாங்கும் பழக்கம் இருந்தால், ஷாப்பிங் தளங்களில் சேமித்து வைத்த கார்டு விவரங்களை அழித்துவிடுங்கள். பிடித்த பொருளைக் கூடையில் போட்டு ஒரு நாள் விடுங்கள். கார்டைத் தேடி எழுந்து போக வேண்டும் என்பதே பாதி ஆசையைத் தணித்துவிடும்.

8. தூக்கம், உடற்பயிற்சி, வண்டி

ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு இரவு தூக்கம் தள்ளிப்போவது சகஜம். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போட்டு, எழுப்புவதற்குச் சாதாரண அலாரம் கடிகாரத்தை நம்புங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். வேகமாக நடப்பதோ இறகுப்பந்து ஆடுவதோ எதுவானாலும், உடம்பு வியர்த்த பிறகு கவனம் சற்று நிற்பதை நீங்களே உணர்வீர்கள். கடினமான வேலையை அதன்பின் வையுங்கள்.

வண்டி ஓட்டுவதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இவர்களுக்கு விபத்து வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கிளம்பும் முன் போனை சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிடுங்கள்.

9. வீட்டில் பேசுங்கள், வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"எத்தனை தடவை சொல்வது" என்று மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. மறதியின் சுமை அவர் தலையிலும்தான் விழுகிறது. எல்லா வேலையையும் பாதிப் பாதியாகப் பிரிப்பதைவிட, ஆளுக்கு ஏற்றபடி பிரிப்பது நடக்கும். தேதி பார்த்துச் செய்ய வேண்டியவை அவருக்கு. சமையல், கடைக்குப் போவது, குழந்தையோடு ஓடுவது உங்களுக்கு. வாய்ச்சொல்லாகச் சொல்வதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அலுவலகத்திலும் அப்படியே. மேலதிகாரி நடந்துகொண்டே சொன்னதை, "நீங்கள் சொன்னது இந்த மூன்றுதானே" என்று ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். உங்கள் நோயை அங்கே யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

எதிலிருந்து தொடங்குவது?

ஒன்பதையும் திங்கட்கிழமை ஒன்றாகத் தொடங்கினால் வியாழக்கிழமை ஒன்பதும் நின்றிருக்கும். உங்களுக்கு அதிகம் பணமோ மானமோ போவது எதனால் என்று பாருங்கள். அபராதம் என்றால் ஏழாவது படி, அலுவலகத் தாமதம் என்றால் ஐந்தாவது. அதை மட்டும் எடுத்துச் செய்யுங்கள். சில வாரங்களில் அதுவும் சலித்துப்போகும். புதுமை போனால் ஆர்வமும் போவது ஏடிஎச்டியின் இயல்பு. அப்போது அலாரத்தின் ஓசையை மாற்றுங்கள், தாளை வேறு கதவில் ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப்போனால், விட்டதற்கு ஈடுகட்ட முயலாமல் அன்றைய நாளிலிருந்து தொடருங்கள். அடுத்த படியை, முதல் படி யாரும் நினைவூட்டாமல் ஓடும்போது சேர்த்தால் போதும்.