பாதயாத்திரை மூட்டை: கொண்டு போனது திரும்பி வரணும்

ஓம் சரவணபவ 🙏🦚



தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற நம்ம ஆலங்குடி வட்டார அடியார்களுக்காக இந்தப் பாடம். (குரு ஸ்தலமான ஆலங்குடி இல்லைங்க, புதுக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிற நம்ம ஊர்.) மாலை எப்போ போடணும், விரதம் எப்படி இருக்கணும்னு சொல்ல நிறையப் பேர் இருக்காங்க. மூட்டை எப்படிக் கட்டணும்னு சொல்றவங்கதான் குறைவு. அதை இன்னிக்குப் பார்ப்போம்.

புதுக்கோட்டை, விராலிமலை, மணப்பாறை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியா நடந்தா பழனி ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தாலும் 7 நாள் ஆகும். இப்போ ஒரு சின்னக் கணக்கு. குழுவுல 50 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 தண்ணி பாட்டில், 3 டீ கப்னு வச்சுக்கோங்க. 7 நாள்ல 1,050 பாட்டில், 1,050 கப். மொத்தம் 2,100. இது ஒரே ஒரு குழுவோட கணக்கு. பூசத்துக்கு எத்தனை குழு நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

இதெல்லாம் எங்கே போகுது? காத்துல பறந்து வரத்துவாரியில அடைச்சுக்குது, கண்மாய்க்கு வர்ற தண்ணி நிக்குது. சோறு ஒட்டின கவரை மாடு அப்படியே முழுங்குது. அது செரிக்காது, வெளியவும் வராது. மாட்டு வயித்துலயே சேர்ந்து சேர்ந்து கடைசியில உயிரை வாங்கிடும். விராலிமலை சுத்துவட்டாரத்துல மயில் மேயுற காட்டோரமும் இதே ரோடுதான். அப்பன் வாகனம் மேயுற இடத்துல நாம கவரைப் போட்டுட்டு, அவன்கிட்டயே போய் என்ன வரம் கேக்குறது?

*பாடத்தின் ஒரே விதி*

மூட்டையில வைக்கிற ஒவ்வொரு பொருளும் ஒண்ணு நம்மகூட வீட்டுக்குத் திரும்பி வரணும், இல்லைன்னா மண்ணோட மண்ணா மக்கணும். ரெண்டுலயும் சேராத பொருளை முடிஞ்ச வரைக்கும் வீட்டுலயே வச்சுட்டு வாங்க.

*1. சுமை எவ்வளவு?*

காவடிக்கு மூலமே இடும்பன் சுமந்த சுமைதான். சிவகிரி, சக்திகிரி ரெண்டையும் தண்டோட ரெண்டு பக்கமும் சமமாக் கட்டித் தூக்கி வந்தான். ஒரு பக்கம் கூடினாலும் நடக்க முடியாது. இன்னொரு பக்கம், மலை மேல நிக்கிற தண்டாயுதபாணியைப் பாருங்க. இடுப்புல கோவணம், கையில தண்டு, அவ்வளவுதான் அவர் மூட்டை. நமக்கு ரெண்டு செட் துணி, ஒரு துண்டு, ஒரு பருத்திப் போர்வை போதும். வழியில அலசிக் காயப்போட்டுக்கலாம். ரெண்டு தோள்லயும் மாட்டுற பையா எடுத்துக்கோங்க, பாரம் சமமா இறங்கும். 7 நாளைக்கு 7 செட் துணின்னு அடைச்சா, மூணாவது நாள் தோளே சொல்லிடும்.

*2. எது துணிப்பை?*

இது முக்கியமான பாடம். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பிளாஸ்டிக்குத் தடை இருக்கு. 2021 டிசம்பர் 23-ல 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கினாங்க. ஆனா கடையில குடுக்கிற, தொட்டா துணி மாதிரியே இருக்கிற பையை நிறையப் பேர் துணிப்பைன்னு நம்பி வச்சிருக்காங்க. நெய்யாத பைன்னு அதுக்குப் பேர். அதுவும் பிளாஸ்டிக்தான், அந்த 14-ல அதுவும் ஒண்ணு. கண்டுபிடிக்கிறது சுலபம். ஓரத்துல ஒரு நூலை உருவிப் பாருங்க. பருத்திப் பைன்னா நூல் தனியா வரும். இதுல நூலே இருக்காது, பிய்ஞ்சுதான் வரும்.

வீட்டுல இருக்கிற பழைய வேட்டி, சேலையில நாலு சின்னச் சுருக்குப் பை தைச்சுக்கோங்க. மாத்துத்துணிக்கு ஒண்ணு, அழுக்குத்துணிக்கு ஒண்ணு, தீனிக்கு ஒண்ணு, பூஜை சாமானுக்கு ஒண்ணு.

*3. கட்டுச்சோறு*

வாழை இலைக்கு நாம வெளியூர் போக வேண்டியதில்ல. வடகாடு, கீரமங்கலம் பக்கம் வாழைத் தோட்டம் இருக்கு. இலையை லேசா அனல்ல வாட்டினா கிழியாம மடியும். புளிச்சோறை ஆறவிட்டு அதுல வச்சு மடிச்சு, வாழைநாரால கட்டிக்கோங்க. சூடாக் கட்டினா வேர்த்துச் சீக்கிரம் கெட்டுப்போகும். காலையில கட்டினது ராத்திரிக்குள்ள தீரணும்.

மத்த நாளுக்கு அவல், பொரிகடலை, கடலை உருண்டை, எள்ளுருண்டை. இதுகளுக்கு நம்ம செட்டிநாட்டு ஓலைக் கொட்டான் இருக்கே! பனை ஓலையில முடைஞ்சது, எடையே தெரியாது, வருஷக்கணக்கா உழைக்கும். குன்றக்குடியிலிருந்து நகரத்தார் காவடி பல நூற்றாண்டா பழனிக்கு நடந்துகிட்டிருக்கு. அந்தப் பெரியவங்க நடக்க ஆரம்பிச்ச காலத்துல கவர் ஏது, பாட்டில் ஏது?

*4. தண்ணி, டீ*

ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில், ஒரு டம்ளர், ஒரு தட்டு. இந்த மூணும் வந்தாலே மேலே சொன்ன 2,100-ல பெரும்பகுதி காணாமப் போயிடும். டம்ளரை ஒரு கயித்துல கட்டிப் பைக்கு வெளியே தொங்கவிடுங்க. உள்ளே வச்சா எடுக்கச் சோம்பல் வந்து, கை கப்புக்குப் போயிடும்.

பேப்பர் கப் பேப்பர்தானேன்னு நினைக்காதீங்க. உள்பக்கம் மெல்லிசா பிளாஸ்டிக் பூசியிருக்கு. அதனாலதான் டீ ஒழுகறதில்ல. அதுவும் தடைப் பட்டியல்ல இருக்கு, தண்ணி பாக்கெட்டும் இருக்கு.

*5. பூஜை சாமான், சேவற்கொடி*

கற்பூரம், விபூதி, ஊதுபத்தியை எல்லாம் கவரோட எடுக்காம, வீட்டுலயே பிரிச்சுச் சின்னத் தகர டப்பாக்கள்ல போட்டுக்கோங்க. பிளாஸ்டிக் கொடியும் அந்த 14-ல ஒண்ணு. சேவற்கொடி துணியில தைச்சதா இருக்கட்டும். அடுத்த வருஷமும் அதே கொடி வரும். ரோட்டுல விழுந்து மிதிபடுற நிலைமை அப்பன் கொடிக்கு வர வேண்டாம்.

*6. இதுல குறைக்காதீங்க*

மருந்து மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கொப்புளத்துக்குப் பஞ்சும் பிளாஸ்திரியும், ராத்திரி நடக்க டார்ச், முதுகுல ஒட்டுற ஒளிரும் ஸ்டிக்கர். இதெல்லாம் உயிர்க் காப்பு, கட்டாயம் வேணும். குழந்தைக்கு டயப்பர், பெண்களுக்கு நாப்கின் தேவைன்னா தயங்காம எடுத்துக்கோங்க. பழைய பேப்பரும் ஒரு தனிப் பையும் கூட வச்சுக்கோங்க. பயன்படுத்தினதைச் சுத்தி அதுல போட்டு, குப்பைத்தொட்டி இருக்கிற ஊர்ல சேர்த்துடுங்க.

*7. காலிப் பை ஒண்ணு*

குழுவோட சாமான் வண்டியில ரெண்டு காலிச் சாக்கு போடுங்க. ஒண்ணு மக்குறதுக்கு, ஒண்ணு மக்காததுக்கு. தினம் ஒருத்தர் முறை வச்சுப் பார்த்துக்கட்டும். தங்கின இடத்தைவிட்டுக் கிளம்பும்போது குப்பையைக் கூட்டிக் கொளுத்துற பழக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் புகை நச்சு. அந்த ஊர்க் குழந்தைகள் சுவாசிக்கிற காத்து அது.

திரும்பி வரும்போது பஞ்சாமிர்தம் வாங்குவோம். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பிரசாதம். டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க. கழுவி வச்சா அடுத்த வருஷக் கற்பூர டப்பா அதுதான்.

*ஒரு சந்தேகம்*

"அன்னதானம் குடுக்கிறவங்க கப்ல நீட்டுறாங்க. வேண்டாம்னா மனசு நோகாதா?" நோகாம கேக்க வழி இருக்கு. கப்பை எடுக்கறதுக்கு முன்னாடியே டம்ளரை நீட்டி, "ஐயா, இதுல ஊத்துங்க, முருகா"ன்னு சொல்லுங்க. குடுக்கிறவருக்கும் ஒரு கப் மிச்சம். பத்து பேர் வரிசையா டம்ளரை நீட்டினா, அடுத்த வருஷம் அந்தப் பந்தல்லயே டம்ளர் வச்சிருப்பாங்க.

*வீட்டுப்பாடம்*

கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி எல்லாச் சாமானையும் பாய் விரிச்சுப் பரப்புங்க. ஒவ்வொண்ணா கையில எடுத்து, "இது திரும்பி வருமா, மக்குமா?"ன்னு கேளுங்க. பிள்ளைகளையும் பக்கத்துல உக்கார வச்சுக் கேக்கச் சொல்லுங்க, அவங்க நம்மளைவிடக் கறாரா இருப்பாங்க.

கஜா புயல்ல 2018 நவம்பர்ல நம்ம பக்கத்துத் தென்னையும் பலாவும் சாய்ஞ்சு கிடந்ததைப் பார்த்தவங்க நாம. மண்ணும் மரமும் போனா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. நாம நடக்கிற ரோட்டோரத்துலயும் அப்படி ஒரு விவசாயியோட வயல்தான் இருக்கு.

உங்க யாத்திரைக் குழுவுக்கு இதை அனுப்பி வைங்க. மூட்டை கட்டறதுக்கு முன்னாடி எல்லாரும் படிக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏