பல் மருத்துவருக்குக் கழுத்து வலிப்பது ஏன்?

1917-இல் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது. அங்கே அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டுபவருக்குக் கழுத்து வலிப்பதில் வியப்பில்லை. ஆனால், உங்கள் பள்ளிக்கு வரும் பல் சிகிச்சைக் குழுவினருக்கும் கழுத்து வலிக்கிறது. அவர்கள் கையிலோ சிறு கண்ணாடியும் மெல்லிய கருவியும்தான். பிறகு பாரம் எது?

அவர்களின் தலைதான்!

மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது முதுகெலும்பு அதைத் தாங்கிக்கொள்ளும். வாயோ சிறிய திறப்பு. பெரியவர்கள் நன்றாகத் திறந்தாலும் 4 முதல் 5 சென்டிமீட்டர்தான். உள்ளே பார்க்க மருத்துவர் குனிய வேண்டியிருக்கிறது. அப்போது கழுத்து ஒரு நெம்புகோல் ஆகிறது.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். குனிந்த தலையின் ஈர்ப்பு மையம் கழுத்தின் அடியிலிருந்து 10 செ.மீ. முன்னே இருக்கிறது என்றும், பின்கழுத்துத் தசை 5 செ.மீ. பின்னே நின்று இழுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 5 × 10 = இழுவிசை × 5. ஆக, தசை 10 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். தலையைப் போல் இரு மடங்கு!

இன்னொரு புதிரும் உண்டு. விசை × இடப்பெயர்ச்சி = வேலை என்று இயற்பியலில் படிக்கிறோம். அசையாத தலை இடம்பெயரவில்லை. அதன்மீது செய்யப்படும் வேலை சுழியம். ஆனாலும் தசை களைக்கிறது. ஏன்? இறுகிய தசை ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது. அந்த இறுக்கம் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நெருக்குவதால் பிராணவாயு குறைவாகவே வந்து சேருகிறது. நடக்கும்போது தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை ஓடச் செய்யும். குனிந்தபடியே இருக்கும்போது அந்த ஓய்வு கிடைப்பதில்லை.

இதனால்தான் நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைத்து, மருத்துவர் அருகில் அமர்ந்து வேலை செய்கிறார். மேல்வரிசைப் பற்களைக் கண்ணாடியில் பார்க்கிறார். உதவியாளர் கருவிகளை எடுத்துத் தருகிறார். பள்ளிக்குக் கொண்டுவரும் மடக்கு நாற்காலியில் இந்த வசதிகள் எல்லாம் முழுதாக அமைவதில்லை. அதனால் அங்கே குனிவதும் கூடுகிறது.

செய்து பாருங்கள்: அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பிறகு கையை நேரே நீட்டிப் பிடியுங்கள். எடை ஒன்றுதான், எப்போது கை சீக்கிரம் நடுங்குகிறது? கைப்பேசியைக் குனிந்து பார்க்கும்போது உங்கள் கழுத்தும் அதே பாட்டைத்தான் படுகிறது. கைப்பேசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள், அடிக்கடி நிமிருங்கள்.